அம்வாஸ் கொள்ளைநோயும் விலகியிருந்த மக்களும்



2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கொரோனா நோயின் காரணமாக நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகை நின்றபோது, இப்படியும் ஒரு காலம் வருமா என்று பெரியவர்கள் பலர் கலங்கினர். தோளோடு தோள் சேர்ந்து நிற்பதையே பழக்கமாகக் கொண்ட ஒரு சமுதாயத்தை விலகி நிற்க இணங்க வைப்பது எளிதன்று. உத்தரவு ஒன்றினால் மட்டும் அது நடந்துவிடாது. இச்சிக்கலை ஹிஜ்ரி 17, 18-ஆம் ஆண்டுகளிலேயே (கி.பி. 638-639) ஸஹாபாப் பெருமக்கள் எதிர்கொண்டிருக்கிறார்கள்.

பைத்துல் முகத்தஸுக்கு அருகிலுள்ள அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் தாஊன் நோய் ஷாம் தேசத்தில் பரவிய நேரம். ஷாமை நோக்கிப் பயணமான கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் பிறரும் எதிர்கொண்டு வந்து நோய்ச் செய்தியைத் தெரிவித்தார்கள். கலீஃபா அவர்கள் தாமாக முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து மஷ்வரா செய்தார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அவ்வாறே. பின்னர் மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். மக்களை நோய்க்குள் கொண்டு செல்லாமல் திரும்புவதே நலம் என அவர்கள் ஒருமித்துக் கூறினர்.

அப்போது அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று கேட்டவர், வேறு எவருமல்லர், அபூஉபைதா (ரலி) அவர்களே! ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று பதிலளித்த கலீஃபா அவர்கள், ஒரு பக்கம் செழித்தும் மறுபக்கம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டினார்கள். எப்பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே? ஒட்டகத்தோடு வாழ்ந்த மக்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. விலகுவது ஈமானின் குறைவோ என்ற ஐயமே அன்று மக்களைத் தடுத்தது. அதைத் தீர்க்காமல் எந்தக் கட்டளையும் பயன்பட்டிராது என்பதே என் எண்ணம். பிறகு அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அறிவித்தார்கள். கலீஃபா அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

பின்னர் கலீஃபா அவர்கள் அபூஉபைதா (ரலி) அவர்களைத் தம்மிடம் அழைத்துக் கடிதம் எழுதியபோது, படையினரைப் பிரிந்து தாம் மட்டும் வர அவர்கள் மனம் ஒப்பவில்லை. படையைத் தாழ்ந்த ஈர நிலத்திலிருந்து மேட்டு நிலத்திற்குக் கொண்டு செல்லுமாறு அடுத்த கடிதம் வந்தது. ஆயினும் அவர்களும், அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். மாண்டவர்கள் சுமார் 25,000 பேர் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவர்.

மூன்றாவதாகப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போல் மூள்கிறது, மலைகளுக்குச் சென்றுவிடுங்கள் என மக்களிடம் எடுத்துரைத்தார்கள். மூத்த தோழர் ஒருவர் எழுந்து, தாம் நபி (ஸல்) அவர்களோடு இருந்த நாளில் நீர் என் கழுதையைவிடக் கீழான நிலையில் இருந்தீர் என்று கடிந்தார். ஒரு தலைவருக்குப் பொது மேடையில் இதைவிட அவமானம் உண்டோ? அவர்களோ, உமக்கு மறுமொழி கூறமாட்டேன், ஆனால் இங்கு தங்கவும் மாட்டோம் என்ற அளவில் நிறுத்தி, தாமே புறப்பட்டார்கள். மக்களும் பின்தொடர்ந்து மலைகளில் கலைந்தனர்; நோய் நீங்கிற்று. செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள் அதை வெறுக்கவில்லை.

பிற்காலத்தில் இம்முன்மாதிரி எப்போதும் பின்பற்றப்படவில்லை. அச்சம் மிகுந்தால் மனிதன் கூட்டத்தையே நாடுகிறான். ஹிஜ்ரி 749-இல் (1348) திமிஷ்கில் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, வெறுங்காலுடன் குர்ஆனைச் சுமந்து பெருந்திரளாக நடந்தனர். யூதரும் கிறிஸ்தவரும் தத்தம் வேதங்களுடன் வந்தனர். சில ஆண்டுகளுக்கு முன் நம் மதுரையிலும் ஒரு கொள்ளைநோயைக் கண்டிருந்த இப்னு பதூதா இதை வியந்து எழுதியுள்ளார்.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் பார்வை வேறு. ஹிஜ்ரி 833-இல் (1430) கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் பாலைவெளியில் ஒன்றுகூடி துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் அது ஆயிரத்தைக் கடந்தது எனத் தம் ‘பத்லுல் மாஊன்’ நூலில் பதிவு செய்கிறார்கள். நோய் தானாகத் தொற்றும் என்பதை அவர்கள் ஏற்றவரல்லர். ஆயினும் கண்ட கணக்கை மறைக்கவில்லை. ஹிஜ்ரி 819-இல் இரு மகள்களைத் தாஊனுக்குப் பறிகொடுத்திருந்த அவர்கள், அந்த 833-ஆம் ஆண்டிலேயே மூத்த மகளையும் இழந்தார்கள்.