இளையோர் தற்கொலை நடத்தையின் உளவியல் இடர்க்காரணிகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தற்கொலையைச் சமயங்கள் பாவம் என்றன. சட்டங்கள் குற்றம் என்றன. அதனை உள்ளத்தின் நிலையோடு இணைத்து ஆராயும் போக்கு இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இளையோரைத் தற்கொலை நோக்கித் தள்ளும் உளவியல் இடர்க்காரணிகள் காலந்தோறும் எவ்வாறு வரையறுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சமூகமும் உள்ளமும்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் தற்கொலை விகிதத்தைச் சமூகப் பிணைப்பின் வலிமையோடு தொடர்புபடுத்தினார். சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், இழந்த ஒருவர்மீது எழும் சினம் தன்மீதே திரும்புவதாக விளக்கினார். முன்னவர் சமூகத்தையும் பின்னவர் தனிமனித உள்ளத்தையும் நோக்கினர். எனினும், ஒருவரது உள்நிலையை அளந்தறியும் கருவி இருவரிடத்தும் இல்லை.

அளவுகோல்களின் வருகை

1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன், தாங்கவியலாத உளவலியே தற்கொலையின் மையம் எனக் கருதினார். ஆரோன் பெக் குழுவினர் 1974இல் இருபது கூற்றுகள் கொண்ட நம்பிக்கையின்மை அளவுகோலை வெளியிட்டனர். தற்கொலை எண்ணத்துடன் மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைத் தொடர்ந்து கண்காணித்த அவர்களின் 1985ஆம் ஆண்டு ஆய்வு, மனச்சோர்வின் கடுமையைவிட எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மையே பின்னாளைய தற்கொலையை நன்கு சுட்டுவதாகக் காட்டியது. 2005இல் தாமஸ் ஜாய்னர், எவரோடும் ஒட்டாத தனிமையும் பிறர்க்குச் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணமும் இறக்கும் விருப்பத்தைத் தோற்றுவிக்கும் என்றார். படிப்பு, வேலை, மணம் ஆகியவற்றில் குடும்பத்தின் எதிர்பார்ப்பைச் சுமக்கும் பருவத்தினருக்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது.

கணிப்பின் எல்லை

காரணிகளின் பட்டியல் நீண்டபோதும் கணிக்கும் ஆற்றல் வளரவில்லை. ஐம்பது ஆண்டுகால ஆய்வுகளுள் 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த பகுப்பாய்வு, அக்காரணிகளைக் கொண்டு செய்யும் கணிப்பு தற்செயல் ஊகத்தைவிடச் சிறிதளவே மேம்பட்டது எனக் கண்டது. தற்கொலை உந்துதல் ஏறியிறங்கும் இயல்புடையது என்பது இதற்கொரு காரணமாகலாம்.

இலங்கையின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்துகிறது. 1995இல் அங்குத் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தை எட்டியது. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிக்கொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால், நஞ்சுண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை அவ்வாறு குறையவில்லை. துயரம் நீடித்தது, உயிர்கள் தப்பின. இளையோரின் முயற்சிகளுள் பல உறுதியான முடிவின் விளைவல்ல, கடந்துபோகக்கூடிய நெருக்கடியின் விளைவே என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

இலங்கை 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. உளவியல் ஆய்வின் நூற்றாண்டுப் பயணம் சட்டத்திலும் தடம் பதித்துள்ளமை இவற்றால் புலனாகும். இடர்க்காரணிகளின் பட்டியலைக் கொண்டு இன்னார் இறப்பார் என்று முத்திரையிடுதல் இயலாது. நெருக்கடியில் இருப்பவருக்குக் காலமும் துணையும் கிடைக்கச் செய்வதே அப்பட்டியலின் பயனாகும்.