முதலில் வண்டிக்கு, பிறகே ஓட்டுநருக்கு: அமெரிக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பயிற்சி விதிகள் வளர்ந்த வரலாறு

1939 ஏப்ரலில் நியூயார்க் நகரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஏழு நாள் மாநாடு ஒன்றைக் கூட்டினார். அன்றிருந்த 48 மாநிலங்களின் கல்வி அதிகாரிகளும் வாகன நிறுவனப் பொறியாளர்களும் அதில் கலந்துகொண்டு 44 தரவிதிகளை வகுத்தார்கள். பேருந்தின் நீளம், கூரையின் உயரம், நடைவழியின் அகலம் எல்லாம் அங்கே முடிவாயின. இன்று உலகமே அறிந்த அந்த மஞ்சள் நிறமும் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். ஆனால் அந்த வண்டியை ஓட்ட வரும் புதியவர் எதைக் கற்றிருக்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும் என்பதற்கு நாடு முழுவதற்குமான கட்டாயப் பாடத்திட்டம் 2022 பிப்ரவரி 7 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 83 ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று, கடைசியில் வந்த விதி எதைத் தந்தது, எதைக் கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன், 1938 டிசம்பர் 1 அன்று, யூட்டா மாநிலத்தில் பனிப்புயலுக்கு நடுவே தண்டவாளத்தைக் கடந்த பள்ளிப் பேருந்தின்மீது சரக்கு ரயில் மோதியது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களும் ஓட்டுநரும் இறந்தனர். லெவல் கிராசிங்கில் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, காதுகொடுத்துக் கேட்ட பின்பே கடக்க வேண்டும் என்ற வழக்கம் பரவியதற்கு இந்த விபத்தே பெரிய காரணம். ஓட்டுநர் பயிற்சியின் மிகப் பழைய பாடங்களில் ஒன்று இப்படிப் பிறந்தது. அதற்குப் பின்னரும் பல பாடங்கள் இதே வழியில்தான் சேர்ந்தன என்பது வருத்தத்துடன் சொல்ல வேண்டிய செய்தி.

கூட்டாட்சி அரசு இத்துறையில் முறையாக நுழைந்தது 1972-இல். மாணவர் போக்குவரத்துப் பாதுகாப்புக்கான 17-ஆம் தரவிதி அந்த ஆண்டு வெளியானது. ஒவ்வொரு மாநிலமும் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கவும் பயிற்றுவிக்கவும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது அது. பின்னாளில் கட்டாயத்தன்மை போய், வெறும் ‘வழிகாட்டுதல்’ என்று அதன் பெயரே மாறிவிட்டது. வண்டிக்கோ வேறு கதி. 1974-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, கவிழ்ந்தாலும் நசுங்காத கூரை, பிரியாத உடல் இணைப்புகள், உயர்ந்த மெத்தை இருக்கைகள் ஆகியவற்றுக்கான விதிகள் 1977 ஏப்ரல் முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. இரும்புக்குச் சட்டம், மனிதருக்குப் பரிந்துரை என்ற இந்த ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் நீடித்தது.

மாநிலங்கள் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் காங்கர்ஸ் ஊரில் பள்ளிப் பேருந்தின்மீது ரயில் மோதி ஐந்து மாணவர்கள் இறந்தனர். அம்மாநிலத்தின் வாகனச் சட்டத்தில் பேருந்து ஓட்டுநருக்கான தனிப் பிரிவான 19-ஏ 1974-இல் சேர்க்கப்பட்டது. கல்வித் துறையின் விதிப்படி புதிய ஓட்டுநர் பணியில் இறங்குமுன் குறுகிய பயிற்சி ஒன்றையும், சேர்ந்த ஓராண்டுக்குள் 30 மணி நேர அடிப்படைப் பாடத்தையும் முடிக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை புத்தாக்க வகுப்பும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழுப் பாடத்தையும் கேட்டு முடிக்கும் முன்பே ஒருவர் மாதக்கணக்கில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல இதில் இடமிருக்கிறது. இது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் அனுபவம் இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. 1976 மே 21 அன்று யூபா சிட்டி உயர்நிலைப் பள்ளியின் பாடகர் குழுவை ஏற்றிவந்த பேருந்து, மார்ட்டினெஸ் அருகே நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் தடுப்பை உடைத்துக் கீழே விழுந்தது. 28 மாணவர்களும் உடன்வந்த பெரியவர் ஒருவரும் இறந்தனர். பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைவதை விளக்கும் ஒலியும் எச்சரித்தன. அந்த வண்டிக்குப் புதியவரான ஓட்டுநர் அதை எண்ணெய் அழுத்தக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். ஓட்டத் தெரிவது வேறு, ஓட்டும் வண்டியின் காற்று பிரேக் எப்படி வேலை செய்கிறது, அது தன் கோளாற்றை எப்படித் தெரிவிக்கும் என்று அறிந்திருப்பது வேறு. இரண்டாவதை அனுபவம் தானாகக் கற்றுத் தந்துவிடாது. கேட்டும் தொட்டும் கற்றாக வேண்டும்.

இன்று அம்மாநிலத்தில் புதியவருக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி தேவை. 20 மணி நேரம் வகுப்பறையில், 20 மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்து. பயிற்றுநர் மாநிலக் கல்வித் துறையிடம் சான்று பெற்றவராக இருக்க வேண்டும், பாடமும் அத்துறையின் கையேட்டின்படியே நடக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் தேர்வு வைப்பது கல்வித் துறையன்று, நெடுஞ்சாலைக் காவல் துறை. கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். இந்த ஆய்வில் நான் கண்ட ஏற்பாடுகளில் இதுவே வலுவானது.

நாடு தழுவிய வணிக வாகன ஓட்டுநர் உரிமம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1992 ஏப்ரலில் முழுமையாக அமலானது. அதுவரை சில மாநிலங்களில் கார் உரிமத்தோடே பெரிய வண்டிகளை ஓட்ட முடிந்தது. அடுத்த பேரிடி 1995 அக்டோபர் 25 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஃபாக்ஸ் ரிவர் குரோவில் விழுந்தது. சிக்னலுக்காக நின்ற பேருந்தின் பின்பகுதி தண்டவாளத்தின்மேல் நீண்டிருக்க, ரயில் மோதி ஏழு மாணவர்கள் இறந்தனர். அன்று ஓட்டியவர் அந்தத் தடத்தை வழக்கமாக ஓட்டாத மாற்று ஓட்டுநர். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிப் பேருந்துக்கென ‘எஸ்’ என்ற தனி அனுமதியைக் கொண்டுவந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்குதல், நிறுத்தப் பலகையையும் விளக்குகளையும் இயக்குதல், அவசர வெளியேற்றம், ரயில் பாதை கடத்தல் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் வந்தன. ஆனால் இது தேர்வு மட்டுமே. தேர்வுக்கு முன் எங்கே, எப்படிக் கற்றார் என்று சட்டம் கேட்கவில்லை.

புதிய ஓட்டுநருக்கான பயிற்சி விதி தேவையா என ஆராயும்படி நாடாளுமன்றம் 1991-லேயே பணித்திருந்தது. 2004-இல் வந்த விதியில் ஓட்டுநர் தகுதி, பணி நேரம், உடல்நலம், புகார் செய்பவருக்கான பாதுகாப்பு என்ற நான்கு தலைப்புகளே இருந்தன. சாலையில் ஓட்டிப் பழகுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைவசமிருந்த ஆய்வுச் சான்றுகளை விதியை வகுத்த கூட்டாட்சி முகமை புறக்கணித்துவிட்டது என்று கூறி, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் விதியைத் திருப்பி அனுப்பியது. 2012-இல் நாடாளுமன்றம் மீண்டும் கட்டளையிட்டது. 2016 மார்ச்சில் வெளியான வரைவில் பேருந்து அடங்கும் ‘பி’ வகை வாகனங்களுக்குக் குறைந்தது 15 மணி நேர ஓட்டுப் பயிற்சி முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று வந்த இறுதி விதியில் அந்த மணிக்கணக்கு காணாமல் போயிற்று. மணி நேரத்துக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டப் போதிய தரவு இல்லை, பயிற்றுநர் திறமையை மதிப்பிட்டால் போதும் என்பது முகமையின் வாதம். இறுதி விதி வருவதற்கு 17 நாள் முன்புதான் டென்னசியின் சட்டனூகாவில் பள்ளிப் பேருந்து மரத்தில் மோதி ஆறு பிள்ளைகள் இறந்திருந்தனர்.

ஈராண்டு காலம் தாழ்ந்து 2022-இல் அமலான இவ்விதியின் பாடத்திட்டம் சிறந்தது. பேருந்தைச் சுற்றியுள்ள ஆபத்துப் பகுதிகள், கண்ணாடிகளின் பயன்பாடு, மாணவர்களைக் கட்டுப்படுத்துதல், பயணம் முடிந்தபின் யாரும் உள்ளே தூங்கிவிடவில்லையே என்று பார்த்தல் என வேலையை அறிந்தவர்கள் எழுதியது அது. எழுத்துத் தேர்வில் 80 விழுக்காடு பெற வேண்டும். பயிற்றுநருக்கு அதே வகை வாகனத்தில் ஈராண்டு அனுபவம் வேண்டும். பலவீனம் அங்கீகாரத்தில் இருக்கிறது. பயிற்சி நிறுவனமோ பள்ளி மாவட்டமோ தகுதிகள் தமக்கு உண்டென்று தாமே உறுதியளித்துக் கூட்டாட்சிப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. தணிக்கையும் நீக்கமும் பிறகுதான்.

ஓட்டுநர் பற்றாக்குறையைக் காட்டி விதிகளை மேலும் தளர்த்தக் கோரும் குரல் வலுக்கிறது. 2022 ஜனவரியிலேயே, என்ஜின் பாகங்களைக் கண்டறியும் சோதனையிலிருந்து பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு விலக்கு தர மாநிலங்களுக்கு வழி செய்யப்பட்டது. ஆள் கிடைக்காத நெருக்கடி உண்மை. காலையில் பேருந்து வராவிட்டால் பள்ளிக்கே போக முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயினும் சம்பளத்தை உயர்த்தியும் முழுநாள் வேலையாக மாற்றியும் தீர்க்க வேண்டியதைப் பயிற்சியைக் குறைத்துத் தீர்க்கக் கூடாது.

தரவு இல்லை என்ற 2016-ஆம் ஆண்டு வாதத்துக்கு இப்போது இடமில்லை. ஒவ்வொரு புதிய ஓட்டுநரும் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகினார் என்பதைப் பயிற்சி தருபவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அந்த எண்களை விபத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டு, முடிவை வெளியிட்டு, குறைந்தபட்ச மணி நேரத்தை மீண்டும் விதியில் சேர்ப்பதும், புதிய பயிற்சி நிறுவனத்தை நேரில் பார்த்த பின்பே பதிவு செய்வதும் கூட்டாட்சி முகமை உடனே செய்ய வேண்டிய வேலைகள்.