மிடில் பங்கின் இருக்கைகளும் குடிவரலாறும்

இங்கிலாந்தின் சிற்றூர் வரலாறுகளுட் பல, நிலத்தலைவரின் மாளிகையில் தொடங்கி அவர்தம் கல்லறையில் முடிவன. ஷ்ராப்ஷயரின் வடபகுதியிலுள்ள மிடில் என்னும் பங்கின் வரலாறு அத்தகையதன்று. கிறித்தவக் கோயில் ஒன்றனையும் அதற்குட்பட்ட ஊர்களையும் ஒருங்கே பங்கு என ஈண்டு வழங்குவோம். அப்பங்கினைச் சார்ந்த நியூட்டனில் வாழ்ந்த ரிச்சர்டு காஃப் (1635–1723) என்னும் நிலமுடைய உழவர், 1700 முதல் 1702 வரையுள்ள ஆண்டுகளில், முதுமையெய்திய நிலையில் இவ்வரலாற்றை எழுதினார்.

நூல் இருபகுதியாயமைந்தது. எல்லை, கோயில், குருமார் முதலியவற்றைக் கூறும் முற்பகுதி அக்காலத்து மரபினை ஒட்டியதே. பிற்பகுதியே நம் கருத்திற்குரியது. கோயிலினுள் இடப்பட்டிருந்த நெடிய மரவிருக்கைகளின் அமைப்பைப் படமாக வரைந்துகொண்டு, ஒவ்வோர் இருக்கையும் எவ்வெவ் வீட்டிற்கு உரியது, அவ்வீட்டில் வழிவழி வாழ்ந்தோர் யாவர், அவர் வாழ்ந்ததும் கெட்டதும் எவ்வாறு என்று காஃப் முறையே கூறிச்செல்கின்றார்.

இருக்கையை ஏன் அடிப்படையாகக் கொண்டார்? அந்நாளில் கோயிலில் ஒருவர் அமரும் இடம் அவர்தம் வீட்டோடும் நிலத்தோடும் பிணைந்த உரிமையாகும்; ஊரில் அவர்க்குள்ள மதிப்பிற்கும் அதுவே அளவுகோல். ஆதலின் இருக்கை பற்றிய பூசல்கள் எளிதில் எழுந்தன. கோயில்வரி செலுத்தாதார் அதனைச் செலுத்துவார்க்கு முன்னே அமர்தல் தகாது என்னும் வாதம் எழுந்ததைக் காஃபே குறித்துள்ளார். இம்முறையால் விளைந்த பயன் பெரிது. குருதித்தொடர்பை மட்டும் பற்றிச் செல்லும் குடிவழிப் பட்டியல் கால்வழி அற்றவிடத்து நின்றுவிடும். காஃபின் நூலோ நிற்பதில்லை. ஒரு குடி குடியினாலோ கடனாலோ நிலத்தை இழந்து அகல, மற்றொரு குடி அதே இருக்கையில் வந்தமர்கின்றது, வரலாறு தொடர்கின்றது. குடிசைவாசிகளும் இருக்கையுடையராதலின் நூலில் இடம்பெறுகின்றனர். நிலத்தலைவரைப் பற்றி மட்டுமே எழுதியோர் இவர்களை நினைத்தாருமிலர்.

1538-ஆம் ஆண்டில் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையால் ஞானமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிவுசெய்யும் வழக்கம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் குடிவரலாற்றிற்கு அப்பதிவேடுகளே முதற்சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், அயலிடத்துப் போர்க்களத்தில் வீழ்ந்து ஆங்கே புதையுண்டோரைச் சொந்தப் பங்கின் அடக்கப்பதிவேடு அறியாது. 1642-இல் உள்நாட்டுப்போர் மூண்டபொழுது, மிடில் குன்றின்மீது ஒருவர் கையில் தாளேந்தி நின்று, அரசர் படையிற் சேர்வார்க்கு வாரம் 14 குரோட் ஊதியம் என்று அறிவித்ததைச் சிறுவராயிருந்த காஃப் நேரிற் கண்டார். குரோட் என்பது நான்கு பென்னி மதிப்புள்ள வெள்ளிக்காசு. மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்றூர்களிலிருந்து சென்றோர் 20 பேர். போரில் மாண்டோர் 13 பேர் என்பது அவர் தரும் கணக்கு. அவர் எழுதியிராவிடின் அம்மூன்றூர்களின் இழப்பு நமக்கு எட்டியிராது.

அறுபதாண்டு கழித்து நினைவிலிருந்தும் முதியோர் வாய்மொழியிலிருந்தும் எழுதியதை எங்ஙனம் நம்புவது எனலாம். களவு, கள்ளக்காதல், குடிவெறி ஆகியவற்றைக் காஃப் ஒளிக்காமல் கூறுதலின், ஊர்வம்பு என இந்நூலைத் தள்ளுவாரும் இருத்தல் கூடும். டேவிட் ஹே என்னும் வரலாற்றறிஞர் பதிவேடுகள், இறுதிமுறிகள், இறந்தோர் உடைமைப் பட்டியல்கள் ஆகியவற்றோடு இந்நூலை ஒப்பிட்டு ஆய்ந்து 1974-இல் தம் நூலை வெளியிட்டார். காஃபின் கூற்றுகள் பெரும்பாலும் உண்மையென அவ்வாய்வு காட்டிற்று. 1834-இல் ஒருபகுதியும் 1875-இல் விரிவாகவும் அச்சேறிய நூலுக்கு உரிய மதிப்பு, இவ்வாறு நெடுங்காலம் கழித்தே வாய்த்தது.

எனினும் ஒன்று கூறவேண்டும். இருக்கை வீட்டுரிமையாதலின், வீட்டுத்தலைவன் பெயரே முன்னிற்கின்றது. பெண்டிர் மனைவியராகவும் கைம்பெண்டிராகவும், சிலவிடத்து ஊரார் பேச்சிற்கு இலக்கானோராகவுமே தோன்றுகின்றனர். கூலிக்கு வந்து சின்னாளிருந்து சென்ற வேலையாட்களின் நிலையும் இதுவே. இவர்களைத் தேடுவார், கைம்பெண்டிர் எழுதிவைத்த இறுதிமுறிகளையும் ஏழையர்க்கு உதவிய கணக்கேடுகளையுமே நாடுதல் வேண்டும்.