நிர்வகிக்கப்படும் சேவைக் கணக்கு
ஆக்டிவ் டைரக்டரி டொமைனில், பின்னணியில் ஓடும் சேவைகளுக்கென உருவாக்கப்படும் கணக்கு இது. இதன் கடவுச்சொல் தானாகவே மாறிக்கொள்ளும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 இதை ஒரே கணினிக்குத் தந்தது; 2012 பதிப்பின் குழுக் கணக்கைப் பல சர்வர்கள் பகிரலாம். சாதாரணப் பயனர் கணக்கைவிட இது மேலானது. அங்கே, சேவை நின்றுவிடுமோ என்ற பயத்தில் கடவுச்சொல்லை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. டொமைனின் அங்கீகார முறையான கெர்பரோஸில் அந்தச் சேவைக்கான டிக்கெட்டைப் பெற்றவர் அந்தக் கடவுச்சொல்லை நிதானமாக ஊகித்து உடைக்கலாம். 240 பைட் நீளமுள்ள, வழக்கமாக 30 நாளுக்கொருமுறை மாறும் கடவுச்சொல்லிடம் அந்த வித்தை பலிக்காது.

குழுக் கணக்குகளின் கடவுச்சொற்களுக்கு அடிப்படையான மூலச் சாவியை உருவாக்கியபின் 10 மணி நேரம் காத்திருப்பது தொல்லை என்பார்கள். சாவி எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் பரவுவதற்கான அவகாசம் அது, பெரும்பாலும் ஒருமுறைதான். கனமான ஆட்சேபம் வேறு: கடவுச்சொல்லைப் படிக்க அனுமதி பெற்ற ஒரு சர்வர் பறிபோனால் கணக்கும் பறிபோகும். உண்மைதான்; ஆகவே அந்த அனுமதியைச் சேவை ஓடும் சர்வர்களுக்கு மட்டுமே தர வேண்டும்.