கொக்கும் ஃபோகஸும்: ஒரு குட்டி வரலாறு

எங்கள் அனுமந்தன்பட்டியில் டிராக்டர் வயலில் இறங்கினால் போதும், பின்னாலேயே கொக்குக் கூட்டம் வந்துவிடும். நிற்கிற கொக்கை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பறக்கிற கொக்கை எடுத்துப் பாருங்கள், தெரியும் சேதி! கொக்கு மங்கலாக இருக்கும், பின்னால் நிற்கும் தென்னை பளிச்சென்று விழுந்திருக்கும் :-)

ஃபிலிம் காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினால் மா. கிருஷ்ணன் (1912-1996) வந்து நிற்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு! ஃபோகஸ் செய்தது அவர் கை. யானை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்ததும் அவரே.

இந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கைமாறியதுதான் மீதிக் கதை. 1977-ல் கோனிகா சி35 ஏஎஃப் தானே தூரத்தை அளந்தது. 1985-ல் மினோல்டா 7000 அந்த வசதியை எஸ்எல்ஆர்களில் பரவலாக்கியது. ஆனால் அளந்து முடிப்பதற்குள் கொக்கு நகர்ந்துவிடுமே? 1988-ல் வந்த மினோல்டா 7000ஐ, ஷட்டர் திறக்கும் கணத்தில் அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு லென்ஸை முன்கூட்டியே நகர்த்தியது.

இங்கேதான் ஒரு சிக்கல். எஸ்எல்ஆரில் ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் கண்ணாடி வழியாகத்தான் போகும். படம் எடுக்கக் கண்ணாடி மேலே எழும்பினால் அந்தக் கணம் கேமராவுக்குக் கண் தெரியாது. அப்படியானால் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தீர்ந்ததா? 2008-ல் பானசோனிக் ஜி1 அதைத்தான் செய்தது. பறக்கிற கொக்குக்கு அது சரிப்படவில்லை. படம் எங்கே கூர்மையாகிறது என்று பார்த்துப் பிடிக்கும் முறை அது. உச்சத்தைத் தாண்டிப் போனால்தான் தாண்டிவிட்டோம் என்றே தெரியும், பிறகு திரும்பி வர வேண்டும்.

என் கணக்கில் உண்மையான திருப்பம் 2011. நிகான் 1 வரிசையில், எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லும் புள்ளிகளைப் படச் சென்சாரிலேயே பதித்தார்கள். எல்லோரும் கொண்டாடும் சோனி ஏ9 (2017) அந்த வழியில் வந்ததுதான்: நொடிக்கு 20 படம், 60 முறை ஃபோகஸ் கணக்கு, நடுவில் இருட்டே கிடையாது.

2020-ல் கேனன் ஆர்5 பறவையையும் அதன் கண்ணையும் அடையாளம் காணத் தொடங்கியது. தென்னைப் பக்கம் தாவுவது வெகுவாகக் குறைந்தது. குறுக்கே நெற்கதிர் ஆடினால் மட்டும் சில நேரம் இன்னும் வழுக்கும்.