சோவாபஜார் கிளப்பும் 1892ஆம் ஆண்டு கால்பந்துப் பருவமும்

இந்தியக் கால்பந்து வரலாறு என்றதும் பலரும் சொல்வது 1911ஆம் ஆண்டைத்தான். அந்த ஆண்டு ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படை அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் முன்பே, விக்டோரியா மகாராணி ஆட்சியில் இருந்தபோதே, இன்னொரு இந்திய அணி இதே 2-1 கணக்கில் ஒரு படை அணியைத் தோற்கடித்திருக்கிறது. அதுதான் சோவாபஜார் கிளப். இன்று அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

படையோடு வந்த பந்து

கால்பந்தின் விதிகள் 1863ல்தான் லண்டனில் எழுதப்பட்டன. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயச் சிப்பாய்கள். எனவே எங்கே படை முகாம் இருந்ததோ அங்கேதான் பந்தும் உருண்டது. நம் திண்டுக்கல் மலைக்கோட்டையிலும் ஆங்கிலேயப் படை இருந்தது. ஆனால் அது 1860லேயே போய்விட்டது. விதிகள் எழுதப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே! கல்கத்தாவின் நிலை வேறு. அது தலைநகரம். வில்லியம் கோட்டையில் எப்போதும் படை இருந்தது. கோட்டையைச் சுற்றி மைதான் என்னும் பரந்த புல்வெளியும் இருந்தது.

1877ல் அந்த மைதான் வழியாகத் தாயோடு வண்டியில் போன ஒரு சிறுவன், வெள்ளையர்கள் பந்து விளையாடுவதைப் பார்த்து இறங்கினான். தன் பக்கம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினான். அவன் பெயர் நகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. பிறகு பள்ளி நண்பர்களோடு காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினான். அது ரக்பி பந்து! பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர்தான் சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார். இது வங்காளத்தில் இன்றும் விரும்பிச் சொல்லப்படும் கதை.

ஒரு கிளப் கலைந்து இன்னொன்று பிறந்தது

வளர்ந்த நகேந்திர பிரசாத் பல கிளப்புகளைத் தொடங்கினார். அவற்றில் ஒன்று வெலிங்டன் கிளப். அதில் மோனி தாஸ் என்ற இளைஞரைச் சேர்க்க அவர் விரும்பினார். மோனி தாஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் குயவர் வீட்டுப் பிள்ளை. மேல்சாதி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஒரு ஆட்டக்காரருக்காகக் கிளப்பையே பகைத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். நகேந்திர பிரசாத் அதற்கும் மேலே போனார். கிளப்பையே கலைத்துவிட்டார்!

அதன் பிறகு 1880களில், சோவாபஜார் அரச குடும்பத்தின் ஆதரவோடு அவர் தொடங்கியதுதான் சோவாபஜார் கிளப். மோனி தாஸுக்கு அங்கே இடம் கிடைத்தது. 1889ல் ட்ரேட்ஸ் கோப்பைப் போட்டி தொடங்கியபோது அதில் ஆடிய ஒரே இந்திய அணி இதுதான்.

அன்றைய ஆட்டம்

இங்கிலாந்தில் கால்பந்து குளிர்கால விளையாட்டு. கல்கத்தாவிலோ அது மழைக்கால விளையாட்டு. மைதான் சேறாகிவிடும். தோல் பந்து நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அன்றைய இந்திய ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலில் ஆடியவர்கள். எதிரே பூட்ஸ் போட்ட சிப்பாய்கள். காய்ந்த தரையில் வெறுங்கால் வேகம் கொடுக்கும். சேற்றில் அது வழுக்கும். மிதிபட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

விதிகளும் இன்றுபோல இல்லை. பெனால்டி உதை 1891ல்தான் வந்தது. நடுவர் ஆடுகளத்துக்குள் வந்து முழுப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டுதான். கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். ஐந்து பேர் முன்னே நின்று தாக்குவதே அன்றைய வழக்கம்.

1892: அந்த வெற்றி

1892ஆம் ஆண்டு ட்ரேட்ஸ் கோப்பையில் சோவாபஜார் அணி ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட் அணியைச் சந்தித்தது. முடிவு 2-1. வென்றது சோவாபஜார்.

இது வெறும் ஒரு ஆட்டம்தானே? இல்லை. காலத்தைப் பாருங்கள். வங்காளிகள் உடல் வலுவற்றவர்கள் என்று மெக்காலே எழுதி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆங்கிலேயர் பலர் அதை நம்பினார்கள், வங்காளிகளிலும் சிலர் நம்பத் தொடங்கியிருந்தார்கள். 1883ல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய நீதிபதி வெள்ளையரை விசாரிப்பதா என்று இதே கல்கத்தாவில் வெள்ளையர்கள் கொதித்தார்கள். மசோதா நீர்த்துப்போனது. நீதிமன்றத்தில் கிடைக்காத சமத்துவம் ஆடுகளத்தில், ஏட்டளவிலாவது, இருந்தது. இரண்டு பக்கமும் பதினொரு பேர், ஒரே விதி. அந்த விதிக்குள் நின்று ஒரு படை அணியை வெல்ல முடியும் என்பதை 1892 காட்டியது.

அதன் பிறகு

1893ல் இந்தியக் கால்பந்துச் சங்கம் (ஐ.எஃப்.ஏ.) உருவானது. அதன் முதல் கேடயப் போட்டியிலும் ஆடிய ஒரே இந்திய அணி சோவாபஜார்தான். ஆனால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1898ல் தொடங்கிய கல்கத்தா லீக்கில் இந்திய அணிகளுக்கு 1914 வரை இடமில்லை! இதற்கிடையே மோகன் பகான் 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று முறை ட்ரேட்ஸ் கோப்பையை வென்று, 1911ல் கேடயத்தையும் பெற்றது. சோவாபஜாரின் புகழ் அந்த வெளிச்சத்தில் மறைந்தது. நகேந்திர பிரசாத் 1940ல் மறைந்தார். 2021ல் 'கோலந்தாஜ்' என்ற வங்காளத் திரைப்படம் அவரை மீண்டும் நினைவூட்டியது.

1892ஆம் ஆண்டு வெற்றியை வெள்ளையருக்கு எதிரான வெற்றி என்று மட்டும் சொல்வது பாதிக் கதைதான். 'நீ எங்களோடு ஆடத் தகுதியற்றவன்' என்று வெள்ளையர் இந்தியரைப் பார்த்துச் சொன்னார்கள். அதையேதான் வெலிங்டன் கிளப்பில் இந்தியர்கள் மோனி தாஸைப் பார்த்துச் சொன்னார்கள். முதல் சுவரை இடிக்கப் போனவர்கள் அதற்கு முன் தங்கள் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. சோவாபஜார் கிளப் அதைச் செய்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வந்தது.