சிலுவையின் பின்புறம் ஓர் எண்

பதக்கம் என்றால் வெற்றியின் அடையாளம் என்றே நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். இரண்டாம் உலகப்போரில் மேற்கத்திய நேசநாடுகளோடு நின்று போரிட்ட போலந்துப் படைவீரர்கள் பெற்ற பதக்கங்களின் கதை அப்படிப்பட்டதன்று. வென்ற தரப்பில் நின்றும் தாய்நாட்டை இழந்தவர்கள் அவர்கள். அவர்கள் மார்பில் அணிந்த சிலுவைகள் இன்று ஏலக்கூடங்களிலும், பழம்பொருள் கடைகளிலும், போலிஷ் மொழி அறியாத பேரப்பிள்ளைகளின் மேசை இழுப்பறைகளிலும் கிடக்கின்றன. யாருடையவை என்று கேட்டால் பல வேளைகளில் விடை இல்லை. அந்த விடையைத் தேடுவது எப்படி, தேடினால் கையில் கிடைப்பது என்ன என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

போலந்தின் மிக உயர்ந்த போர்விருது 'விர்தூத்தி மிலித்தாரி'. 1792இல் மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்து நிறுவிய இவ்விருது, இன்றளவும் வழங்கப்படும் இராணுவ விருதுகளுள் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அதற்கு அடுத்த நிலையில் நினைக்கத்தக்கது 1920இல் தோன்றிய வீரச்சிலுவை. ஒருவர் இதை நான்கு முறை வரை பெறலாம். நம் தேடலுக்கு மையமானது மூன்றாவது பதக்கம். 1944 ஜூலை 26 அன்று ஏற்படுத்தப்பட்ட மாண்டே காசினோ நினைவுச் சிலுவை. தனிமனிதர் ஒருவரின் சாகசத்துக்கான விருதன்று இது. இத்தாலியில் அந்தப் போரில் பங்கெடுத்த போலந்தின் இரண்டாம் படைப்பிரிவினர் அனைவருக்கும் உரியது. தளபதிக்கும் சமையற்காரருக்கும் ஒரே வெண்கலம், ஒரே நாடா. முன்புறம் ஊரின் பெயரும் '1944 மே' என்ற சொற்களும். பின்புறம் ஓர் எண். இப்படி 48,000க்கும் மேற்பட்ட சிலுவைகள் வழங்கப்பட்டன.

அந்த எண்ணின் அருமையை உணர, மற்ற பதக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் அரசு இப்போருக்காக அளித்த இத்தாலி விண்மீன் போன்ற பதக்கங்களுக்கு இவ்வீரர்களும் உரியவர்களே. ஆனால் பிரிட்டன் அவற்றைப் பெயர் பொறிக்காமலேயே வழங்கியது. கைமாறிய மறுகணமே அவை யாருடையவையும் அல்லாத உலோகத் துண்டுகளாகிவிடுகின்றன. காசினோச் சிலுவையிலும் பெயர் இல்லை. எனினும் அதன் எண்ணும் பெறுநரின் பெயரும் பதிவேட்டில் ஏறின. வீரரின் கையில் அந்த எண்ணைத் தாங்கிய சிறு சான்றட்டையும் தரப்பட்டது. எண்கள் படையணிவாரியாகத் தொடர்ச்சியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டதால், எண்ணை மட்டும் கொண்டே அது எந்த அணிக்குச் சென்றது என்று கண்டுகொள்ள இயலும். பிற்காலத்தில் வெளிவந்த எண்ணில்லாத படிகளோ எந்த மனிதரிடமும் நம்மைக் கொண்டு சேர்ப்பதில்லை.

காசினோ மலை ரோமாபுரிக்குச் செல்லும் சாலையைக் காவல் காத்தது. 1944 ஜனவரி தொடங்கி நான்கு முறை நேசநாட்டுப் படைகள் அதன்மீது மோதின. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த தாக்குதல்களில் நான்காம் இந்தியப் படைப்பிரிவு கடும் இழப்புக்கு உள்ளாயிற்று. மே 11 இரவு தொடங்கிய இறுதிப் போரில் மலையுச்சியை நோக்கி ஏறும் பணி போலந்து வீரர்களுக்கு வாய்த்தது. மறுநாள் கீழே காரி ஆற்றங்கரையில் எட்டாம் இந்தியப் படைப்பிரிவின் கமல் ராம் என்னும் இளம் சிப்பாய் விக்டோரியா சிலுவைக்குரிய வீரச்செயலைப் புரிந்தார். போலந்து வீரர்களின் முதல் தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறிந்தது. மே 17இல் மீண்டும் ஏறினார்கள். 18ஆம் நாள் காலை மடாலயத்தின் இடிபாடுகளில் அவர்களது கொடி பறந்தது. மலைச்சரிவில் அவர்களுக்கென அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. கத்தோலிக்கச் சிலுவைகளோடு கிழக்கத்திய மரபுச் சிலுவைகளும் யூதர்களின் தாவீது விண்மீன்களும் அங்கே இடம்பெற்றுள்ளன.

இவர்கள் இத்தாலிக்கு வந்து சேர்ந்த வழி போரைக் காட்டிலும் நெடியது. 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியமும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதியிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். 1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீதே படையெடுத்தபின், கைதிகளுக்கு 'மன்னிப்பு' வழங்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கான மன்னிப்பு அது. மாஸ்கோவின் லுபியாங்கா சிறையிலிருந்து விடுதலையான விளாடிஸ்லாவ் ஆண்டர்ஸ் புதிய படைக்குத் தளபதியானார். முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கான அதிகாரிகளைக் காணோம். அவர்களைத் தேடும் பொறுப்பு ஓவியரும் எழுத்தாளருமான யூசெஃப் சாப்ஸ்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. காணாமற்போனவர்களின் பெயர்ப்பட்டியலோடு அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1940இலேயே அவர்கள் கத்தின் முதலிய இடங்களில் சோவியத் இரகசியக் காவல்துறையால் கொல்லப்பட்டிருந்தார்கள். பெயர்ப்பட்டியல் ஒன்றின் மதிப்பு என்ன என்பதை இந்தப் படை தன் பிறப்பிலேயே அறிந்திருந்தது.

1942இல் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானுக்கும், பின்னர் ஈராக், பாலஸ்தீனம், எகிப்து வழியாக இத்தாலிக்கும் அப்படை சென்றது. சோவியத் முகாம் அனுபவங்களை 'வேறோர் உலகம்' என்ற நூலாக எழுதிய குஸ்தாவ் ஹெர்லிங் குருஜின்ஸ்கி காசினோவில் போரிட்டு விர்தூத்தி மிலித்தாரி பெற்றவர்.

இத்தனையும் கடந்து வந்தவர்களின் பதக்கங்கள் ஏன் தொலைந்தன? 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் கிழக்குப் போலந்தைச் சோவியத் ஒன்றியத்துக்கு விட்டுக்கொடுக்க நேசநாட்டுத் தலைவர்கள் இசைந்தனர். ஆண்டர்ஸின் வீரர்களில் மிகப் பலரின் சொந்த ஊர்கள் அங்கேதான் இருந்தன. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் மேற்கில் போரிட்ட போலந்துப் படைகள் இடம்பெறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வார்சாவின் கம்யூனிச அரசு ஆண்டர்ஸையும் மேலும் 75 அதிகாரிகளையும் குடியுரிமை நீக்கியது. 1944இல் நெதர்லாந்தின் பிரேடா நகரை விடுவித்த தளபதி ஸ்தானிஸ்வாவ் மாச்செக் அவர்களுள் ஒருவர். பின்னாளில் அவர் எடின்பரோ விடுதி ஒன்றில் மது பரிமாறும் பணியாளராக வேலை பார்த்தார். தளபதியின் நிலையே இது என்றால் சாதாரண வீரரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சுரங்கத்திலும் ஆலையிலும் வயலிலும் கூலிவேலை. நாடு திரும்பியவர்களுக்கோ அந்தச் சிலுவையே சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. அங்கே ஒளித்துவைக்கப்பட்டது, இங்கே அணிந்துகொள்ள மேடையில்லாமல் பெட்டிக்குள் போயிற்று. உரியவர் இறந்தபின் அதன் கதையைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

இனித் தேடலுக்கு வருவோம். சிலுவையின் எண்ணிலிருந்து பதிவேடு வழியாகப் பெயரையும் படையணியையும் அடையலாம். லண்டனில் உள்ள போலிஷ் நிறுவனமும் சிகோர்ஸ்கி அருங்காட்சியகமும் இப்படைகளின் ஆவணங்களைப் பேணிவருகின்றன. பிரிட்டிஷ் தலைமையின்கீழ் பணியாற்றிய போலந்து வீரர்களின் தனிநபர்க் கோப்புகளை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் நெடுங்காலம் நார்தோல்ட் விமானத்தளத்தில் காத்துவந்தது. நாடுகடத்தப்பட்டோரின் பெயர்களை வார்சாவின் கார்த்தா மையம் சோவியத் ஆவணங்களிலிருந்து தொகுக்கத் தொடங்கியது.

ஏடுகளை ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இவ்வேலை அந்நியமானதன்று. இங்கும் பாடபேதங்கள் உண்டு. ஒரே பெயர் போலிஷில் ஒருவிதமாகவும், சோவியத் எழுத்தரின் ருஷ்ய எழுத்தில் வேறுவிதமாகவும், ஆங்கிலக் கோப்பில் உச்சரிப்பு சிதைந்து இன்னொரு விதமாகவும் நிற்கும். பிறந்த ஊர் போலந்தில் இருந்ததாக ஆவணம் சொல்லும், இன்றைய வரைபடமோ அவ்வூரை உக்ரைனிலோ பெலாரஸிலோ காட்டும். அப்போது துணைக்கு வருவது தந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய நாம் தந்தையின் முதலெழுத்தை நாடுவது போன்றதுதான் இதுவும்.

இத்தகைய தேடல் சிலசமயம் நம் வாசல்வரை வந்துவிடுகிறது. படையோடு ஈரானுக்கு வெளியேறிய குடும்பங்கள் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டன. குழந்தைகள் பலருக்கு ஜாம்நகர் அருகே பாலாச்சடியில் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங் இடமளித்தார். கோலாப்பூர் அருகே வலிவடேயில் 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 போலந்து மக்கள் வாழ்ந்தனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தந்தை காசினோ மலையில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருக்க, மகள் மராட்டிய மண்ணில் போலிஷ் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் இருந்தன. இத்தாலிப் போரின் சிலுவைக்கு உரியவரின் குடும்பத்தைத் தேடினால் பஞ்சகங்கைக் கரையில் வந்து நிற்க நேரலாம்.

ஏலங்களில் நடப்பதை இந்தப் பின்னணியில் காணவேண்டும். ஒரு வீரரின் சிலுவையைத் தனியாகவும், சான்றட்டையைத் தனியாகவும், புகைப்படத்தைத் தனியாகவும் விற்றால் கூடுதல் விலை கிடைக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்தபின் புகைப்படத்தில் இருப்பவர் யாரென்று அறிய வழியில்லை. பெயரில்லாத பிரிட்டிஷ் பதக்கங்கள் காசினோச் சிலுவையோடு சேர்ந்திருக்கும்வரைதான் அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. மூன்று சிறு பொருள்களை ஒரே உறையில் வைத்துக் காப்பது சேகரிப்பாளருக்கு எளிய செயல். அதைச் செய்யாவிட்டால் இழப்பது ஒரு மனிதரின் பெயரை.

மலையில் மடிந்தவர்களின் பெயர்களைக் கல் தாங்கியிருக்கிறது. பிழைத்தவர்களுக்கு அப்படியொரு பொது இடம் இல்லை. ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அர்ஜென்டினாவிலும் அவர்கள் சிதறி வாழ்ந்து மறைந்தார்கள். லண்டன் அணிவகுப்பில் அவர்கள் நடக்கவில்லை. தளபதியும் சமையற்காரரும் ஓட்டுநரும் எண் வரிசையில் இன்றும் ஒன்றாக நிற்பது அந்தப் பதிவேட்டில்தான்.